குடும்ப அட்டையில் அடிக்கப்பட்ட பெயர்

கேள்வி: நான் கூடலூரில் பள்ளி ஆசிரியை. என் அப்பாயி இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 1973-இல் தாத்தாவோடும் பிள்ளைகளோடும் கப்பலேறி வந்தவர். அவர் கதையை எழுத ஆறு மாதமாக முயல்கிறேன். "உங்க வாழ்க்கையைச் சொல்லுங்க அப்பாயி" என்றால், "என்னத்தச் சொல்ல, கஷ்டப்பட்டோம், வந்து சேர்ந்தோம்" என்று முடித்துவிடுகிறார். பாஸ்போர்ட்டில் பிறந்த ஆண்டு 1937. அவரோ, கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது தான் கைக்குழந்தை என்கிறார். பூர்வீகம் "முசிறிப் பக்கம்" என்பதற்கு மேல் யாருக்கும் தெரியவில்லை. இன்னொன்று. தாயகம் திரும்பியோருக்குக் கொடுத்த குடும்ப அட்டை பெட்டியில் இருக்கிறது. அதில் பிள்ளைகள் பெயர் நான்கு. எங்களுக்குத் தெரிந்து மூன்று பேர்தான். நான்காவது பெயர் மையால் அடிக்கப்பட்டிருக்கிறது. பெரியப்பாவிடம் கேட்டேன். "அதையெல்லாம் கிளறாதே" என்று எழுந்து போய்விட்டார். எங்கிருந்து தொடங்குவது? அந்தப் பெயரைப் பற்றிக் கேட்பதா, விடுவதா?
– வாசகி, கூடலூர்

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

குடும்பங்களின் கதையைக் கேட்டு எழுதவும், எழுதியதைச் செப்பனிட்டுப் புத்தகமாக்கவும் உதவுவது என் வேலை. இருபது வருடமாகச் செய்கிறேன். உங்களைப் போலவே பெட்டியில் ஒரு தாளைப் பார்த்துவிட்டுத் தூக்கம் தொலைத்த பேரப்பிள்ளைகள் பலர் என்னிடம் வந்திருக்கிறார்கள். எல்லோருக்கும் முதலில் சொல்வதை உங்களுக்கும் சொல்கிறேன். பெட்டியை மூடி வையுங்கள். ஐம்பது வருடம் இருந்த தாள்கள் இன்னும் ஆறு மாதம் இருக்கும். அப்பாயிக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. முதலில் அவர் குரல், பிறகு பெட்டி, அதற்கும் பிறகுதான் ஆவணக் காப்பகம். அடிக்கப்பட்ட அந்தப் பெயர் எந்த இடத்தில் வர வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். உங்கள் கடிதத்திலேயே கனமான விஷயம் அதுதான், அவசரமாகப் பதில் சொல்ல மனம் வரவில்லை.

"என்னத்தச் சொல்ல" என்று அவர் சொல்வது மறுப்பு அல்ல. "உங்க வாழ்க்கையைச் சொல்லுங்க" என்ற கேள்விக்கு அதைவிட நல்ல பதில் கிடையாது. மேடையேறிப் பேசிப் பழகியவர்கள்தான் தங்கள் வாழ்க்கையை முழுசாக ஒரு பொருளாகப் பார்ப்பார்கள். காலையில் எழுந்து, கூடையை மாட்டி, மலையேறிக் கொழுந்து பறித்து, மாலையில் நிறுவை போட்டு, வந்து ரொட்டி சுட்டவருக்கு வாழ்க்கை என்பது அந்த வேலைகள்தான். அதனால் வேலையைக் கேளுங்கள். பெரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுப்பது) எத்தனை மணிக்குத் தப்பு அடிப்பார்கள்? பெரட்டுக் களத்தில் யார் பெயர் கூப்பிடுவார்? கங்காணி (வேலையாட்களை மேய்ப்பவர்) சொந்தக்காரரா, வெளியாளா? பிந்திப் போனால் துரை (தோட்ட நிர்வாகி) திருப்பி அனுப்புவாரா? எத்தனை ராத்தல் எடுத்தால் முழுப்பேர் (ஒரு நாள் முழுக்கூலி), எதற்குக் குறைந்தால் அரைப்பேர்? படங்கை (இடுப்பைச் சுற்றிக் கட்டும் சாக்கு) எப்படிக் கட்டுவீர்கள்? மழையில் அட்டை கடித்தால் என்ன தடவுவீர்கள்? கைப்பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகம்) விட்டுவிட்டுப் போனால், பால் கொடுக்க எத்தனை தரம் இறங்கி வருவீர்கள்?

இந்தச் சொற்களைக் கேள்வியிலேயே வைத்துக் கேட்டுப் பாருங்கள். பெரட்டு, பேர், படங்கு, லயம் (தொழிலாளர் வரிசை வீடு), இஸ்தோப்பு (வீட்டு முன்திண்ணை), காம்பரா (அறை), கவ்வாத்து (தேயிலைச் செடியை வெட்டிவிடுவது): இவை அவர் வாயில் வளர்ந்த சொற்கள். இந்தியாவுக்கு வந்தபின் இவற்றைச் சொன்னால் 'சிலோன்காரங்க' என்று பார்ப்பார்கள் என்று பலர் விழுங்கிக்கொண்டார்கள். பேத்தி வாயிலிருந்து அந்தச் சொல் திரும்பி வரும்போது முகம் மாறுவதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். அதுவரை ஒற்றை வரியில் பதில் சொன்ன ஒரு அம்மா, "கவ்வாத்துக் கத்தி யார் கையில் இருந்தது?" என்று கேட்டதும் ஒன்றரை மணி நேரம் பேசினார்.

ஆண்டைக் கேட்காதீர்கள். நாளைக் கேளுங்கள். "1960-இல் என்ன நடந்தது" என்பதைவிட "சம்பள நாளில் என்ன வாங்குவீர்கள்" என்பது நூறு மடங்கு பயன் தரும். தீபாவளி முற்பணம் வாங்கிய நாள், மாரியம்மன் திருவிழா, மாசி மாதம் காமன் கூத்துக்கு ரதியும் மன்மதனும் வேடம் கட்டிய இரவு என்று கேட்டுப் போங்கள். ஒரு பெரிய தாளையும் பென்சிலையும் அவர் முன்னால் வைத்து லயத்தை வரையச் சொல்லுங்கள். வரைய மாட்டேன் என்றால் நீங்கள் தப்பும் தவறுமாக வரையுங்கள், அவர் திருத்துவார். எந்தக் காம்பராவில் யார், பீலித் தண்ணீர் (குழாயில் விழும் ஊற்றுநீர்) எந்தப் பக்கம், கோயில் எங்கே, துரை பங்களாவுக்குப் போகும் பாதை எது? இந்த ஒரு படத்திலிருந்து பத்துக் குடும்பங்களின் பெயர் கிடைக்கும். அந்தப் பத்தில் இரண்டு பேராவது இன்று கோத்தகிரியிலோ பந்தலூரிலோ இருப்பார்கள். அவர்களில் ஒருவரை வீட்டுக்கு அழைத்து வந்து இரண்டு பாட்டிகளையும் பேசவிட்டு, நீங்கள் சும்மா உட்கார்ந்திருங்கள். பேத்திக்குச் சொல்லாததைத் தோட்டத்துச் சிநேகிதிக்குச் சொல்வார்கள்.

பதிவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். போன் போதும். விமான நிலையில் போட்டு, துணி விரித்து அதன்மேல் அவருக்கு ஒரு முழம் தள்ளி வையுங்கள். மின்விசிறி ஓசை குரலைத் தின்றுவிடும், அணைத்துவிடுங்கள். தொடக்கத்தில் தேதியையும் இடத்தையும் யார் யார் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். பதிவு செய்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். முக்கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். அன்று இரவே கணினியிலும் தனி வட்டிலும் ஒவ்வொரு பிரதி எடுத்து, இன்னொன்றை வேறு வீட்டில் இருக்கும் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள். எழுத்தாக்கும்போது அவர் 'கோச்சி' என்றால் கோச்சி என்றே எழுதுங்கள். ரயில் என்று மாற்றாதீர்கள். மலையகத்திலிருந்து (இலங்கையின் தேயிலை மலைநாடு) திரும்பி வந்தவர்களை ஏற்றிச் சென்ற வண்டிக்கு அழுகைக் கோச்சி என்று அங்கே பெயர். ஹட்டன் ஸ்டேஷனில் ஏறியவர்களும், மேடையில் நின்றவர்களும், வண்டி கிளம்பிய பிறகும் அழுததால் வந்த பெயர். அதை 'அழுகை ரயில்' என்று எழுதினால் யார் கதை என்றே தெரியாமல் போகும்.

சரி, பிறந்த ஆண்டுக்கு வருவோம். 1937-ஆ, 1941-ஆ என்று குழம்பியிருக்கிறீர்கள். ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டது 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. நான்கு நாள் கழித்துத் திருகோணமலையில் போட்டார்கள். கைக்குழந்தைக்கு அது நினைவிருக்காது. அப்பாயியின் அம்மா சொல்லிச் சொல்லி அவருக்குள் நின்ற செய்தி இது. "நீ பால் குடிக்கிற புள்ள, அப்பத்தான் குண்டு போட்டான்" என்று ஒரு தாய் சொன்னால் அதை நான் நம்புவேன். பிள்ளை மடியில் இருந்ததா, ஓடித் திரிந்ததா என்பதில் தாய்க்குத் தவறு வராது. பாஸ்போர்ட்டின் 1937 எங்கிருந்து வந்தது? தோட்டத்துச் செக்ரோலில் (வேலையாட்கள் பதிவேடு) பேர் பதிய வயதைக் கூட்டிச் சொன்ன குடும்பங்கள் உண்டு. பிள்ளை பேர் போட்டால் வீட்டுக்கு ஒரு கூலி கூடும். அப்படிக் கூட்டிய வயதே ஒரு தாளிலிருந்து அடுத்த தாளுக்குப் போய், கடைசியில் பாஸ்போர்ட்டில் உட்கார்ந்திருக்கலாம். அப்பாயியிடம் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்: "முதன்முதலா பேர் பதிஞ்சப்ப உங்களுக்கு எத்தனை வயசுன்னு சொன்னாங்க?"

புத்தகத்தில் இரண்டையும் எழுதுங்கள். 'பாஸ்போர்ட்டின்படி 1937. அவர் அம்மாவின் கணக்குப்படி 1941.' ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றதை அழிக்காதீர்கள். அந்த நான்கு வருட வித்தியாசத்துக்குள் ஒரு சிறுமி பெரிய மனுஷியின் வேலையைச் செய்த கதை இருக்கக்கூடும். அதைத் தேடிப் போக வேண்டிய இடத்தில் பிழைத் திருத்தம் செய்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள்.

மற்ற நிகழ்ச்சிகளையும் இப்படியே நிறுத்தலாம். சுவரில் ஒரு நீளத்தாளை ஒட்டி, உறுதியாகத் தெரிந்த வருடங்களை முளைக்குச்சி போல் அதில் அடித்து வையுங்கள். 1939 ஆகஸ்ட் 1-இலிருந்து தொழிலாளர்கள் இலங்கைக்குப் போவதை இந்திய அரசு தடை செய்தது. ஆகவே அப்பாயியின் பெற்றோர் பெரும்பாலும் அதற்கு முன்பே கடல் கடந்திருக்க வேண்டும். 1948 நவம்பரில் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோர் நாடற்றவர்களானார்கள். அடுத்த ஆண்டு வந்த சட்டம், விண்ணப்பித்தால் குடியுரிமை தரலாம் என்றது. ஆனால் 1946 ஜனவரி 1-க்கு முன், மணமானவர் தொடர்ந்து 7 வருடமும் மற்றவர் 10 வருடமும் அங்கேயே இருந்ததற்குச் சான்று காட்ட வேண்டும் என்றது. லயத்துக் காம்பராவில் யார் சான்று வைத்திருப்பார்கள்? எட்டு லட்சம் பேருக்கு மேல் கேட்டு, ஒன்றரை லட்சத்துக்கும் குறைவானவர்களுக்கே கிடைத்தது. உங்கள் தாத்தா குடும்பம் தாள்களைப் பெட்டியில் பூட்டி வைத்துக் காத்ததற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டாம். தாள் இல்லாததால் நாட்டையே இழந்தவர்கள் அவர்கள்.

1964 அக்டோபர் 30-இல் ஒப்பந்தம். ஒன்பதே முக்கால் லட்சம் பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3 லட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது, மீதி ஒன்றரை லட்சத்தைப் பின்னால் பேசிக்கொள்வது என்று டெல்லியில் முடிவாயிற்று. பேசிக்கொண்டது 1974-இல், ஆளுக்குப் பாதி. அதே 1964 டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை அழித்துவிட்டது. அதன் பிறகு வந்தவர்கள் ராமேஸ்வரத்தில்தான் இறங்கினார்கள். யாராவது உறவினர் "நான் தனுஷ்கோடியில் இறங்கினேன்" என்றால் அவர் வந்தது புயலுக்கு முன் என்று கண்டுகொள்ளலாம். 1972 மே மாதம் சிலோன் என்ற பெயர் ஸ்ரீலங்கா ஆனது. முத்திரையில் எந்தப் பெயர் இருக்கிறது என்று பார்த்தால் தேதி மங்கிய தாளுக்கும் காலம் சொல்லலாம். அப்புறம் 1973–74 பஞ்சம். தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நடந்த காலம். அப்பாயி கப்பலேறியது சரியாக அதன் நடுவில். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே மறுபடி வருகிறேன்.

இந்த ஒப்பந்தத்தைப் பற்றி அவரிடம் ஒரு கேள்வி கட்டாயம் கேட்க வேண்டும். "இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தது யாரு?" எழுதிக் கொடுப்பது என்றுதான் அங்கே சொல்வார்கள். விண்ணப்பத்தில் எந்த நாடு என்று குறித்தது தாத்தாவா, மாமனாரா, கங்காணியா? அப்பாயியைக் கேட்டார்களா? எழுதிக் கொடுத்த பிறகு எத்தனை வருடம் காத்திருந்தார்கள்? எழுதிக் கொடுத்தவர் ஒருவர், வாழ்ந்தவர்கள் மற்றவர்கள் என்ற குடும்பங்கள் ஏராளம். அக்கா இலங்கைக்கு எழுதிக் கொடுத்து அங்கேயே இருக்க, தங்கை இங்கே வந்த வீடுகளும் ஏராளம். அப்பாயிக்கு அங்கே கூடப்பிறந்தவர் யாராவது இருந்தால் வாட்ஸ்அப்பில் பேசவைத்து, இருவர் சம்மதத்தோடும் அதைப் பதிவு செய்யுங்கள். ஒரே அடுப்பைப் பற்றி இரண்டு அக்காள் தங்கைகள் சண்டை போடுவதைக் கேட்டால் உங்களுக்கு ஒரு அத்தியாயம் கிடைத்துவிடும்.

இப்போது பெட்டியைத் திறக்கலாம். ஒவ்வொரு தாளையும் முன்னும் பின்னும் படம் எடுங்கள். பின்பக்கத்தில்தான் முகாம் முத்திரை, கடன் கொடுத்த குறிப்பு, வேலைக்கு அனுப்பிய இடம் எல்லாம் இருக்கும். நைந்த தாளை லேமினேட் செய்யாதீர்கள். பலர் பாசத்தில் செய்துவிடுகிறார்கள், பிறகு பிரிக்கவே முடியாது. ஊழியர் சேமலாப நிதி (இங்கே வருங்கால வைப்பு நிதி என்பது) பற்றிய தாள் ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். அந்தச் சட்டம் 1958-இல் வந்தது. நிதி பிடித்திருந்தால் தோட்டத்தின் பெயர் அதிகாரபூர்வமாக அதில் இருக்கும். ஏன் இது முக்கியம் என்றால், தொழிலாளர் வாயில் தோட்டத்துக்கு ஒரு தமிழ்ப் பெயர், தாளில் வேறொரு ஆங்கிலப் பெயர். இரண்டையும் இணைத்துவிட்டால் பெர்குசன் சிலோன் டைரக்டரி போன்ற பழைய விவரத் தொகுதிகளில் அந்தத் தோட்டத்தின் பரப்பும் துரையின் பெயரும்கூடக் கிடைக்கும். அப்பாயி 'அந்த வெள்ளைக்காரத் துரை' என்று சொல்பவருக்கு ஒரு பெயர் வந்து சேரும்.

முசிறிக்கு நேரடியாகப் போய்த் தேடாதீர்கள். "பூர்வீக ஊர் எது" என்று கேட்டால் பக்கத்திலுள்ள பெரிய ஊரைத்தான் சொல்வார்கள். "குலதெய்வம் எங்கே" என்று கேளுங்கள். கடல் கடந்து மூன்று தலைமுறை ஆனாலும் பிள்ளைக்கு மொட்டை போட நேர்ந்துகொண்டது எந்தச் சாமிக்கு என்பது வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். சாமி பெயரும், அது எந்த ஆற்றங்கரை, எந்தக் குன்றடி என்ற அடையாளமும் கிடைத்தால் முசிறி, துறையூர், தொட்டியம் வட்டாரத்தில் உள்ள பூசாரிகளிடம் விசாரித்து ஊரைப் பிடித்துவிடலாம். தாளில் 'திருச்சி ஜில்லா' என்று மட்டும் இருந்தால் அதை இன்றைய மாவட்டமாக நினைக்க வேண்டாம். 1995-இல்தான் கரூரும் பெரம்பலூரும் அதிலிருந்து பிரிந்தன. புதுக்கோட்டை மாவட்டம் பிறந்தது 1974-இல். நாமக்கல்லோ அப்போது சேலம் ஜில்லா.

வெளித் தேடலுக்குச் சில இடங்கள். எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். அங்கே தனி மனிதர் பெயரைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். குடிபெயர்வு பற்றிய அரசாணைகளைப் பார்க்கப் போகலாம். இணையத்தில் நூலகம் நிறுவனத்தின் சேகரிப்பில் மலையகத்தின் பழைய இதழ்களும் மலர்களும் படிக்கக் கிடைக்கின்றன. இலங்கை போக வாய்த்தால் கம்பளை அருகே ஒரு பழைய லயத்திலேயே அமைந்த தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகத்தைப் பாருங்கள். அப்பாயியின் லயப் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

இனி அந்தப் பெயர்.

என் தொழிலின் தொடக்கத்தில் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். ஒரு முதியவர் கதையை அவர் மகன் கேட்டதற்காக எழுதிக்கொண்டிருந்தேன். அவர் சொன்ன ஒரு தேதி தவறு என்று காட்ட, ஒரு மரணச் சான்றிதழை அவர் முன்னால் நீட்டினேன். அது அவருடைய முதல் மனைவியுடையது. அதுவரை அவர் அந்தப் பெண்ணை 'ஊருக்குப் போயிட்டா' என்றுதான் சொல்லியிருந்தார். தாளை வாங்கிப் பார்த்தார், மடித்துத் திருப்பிக் கொடுத்தார், உள்ளே போய்விட்டார். பிறகு என்னிடம் பேசவே இல்லை. இரண்டு வருடத்தில் இறந்துபோனார். தேதி சரியாக இருக்க வேண்டும் என்ற என் ஆசைக்காக அந்த மனிதரின் வாயை நான் மூடிவிட்டேன். இன்றுவரை அது என்னை விட்டுப் போகவில்லை. அதனால்தான் சொல்கிறேன், குடும்ப அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாயியிடம் எதையும் கேட்காதீர்கள்.

அந்தக் காலத்தை மட்டும் கேளுங்கள். பஞ்ச வருடத்தில் லயத்தில் என்ன சமைத்தீர்கள்? கோச்சியில் பிள்ளைகளை எப்படிக் கூட்டி வந்தீர்கள், யார் மடியில், யார் தோளில்? மதவாச்சி தாண்டி மன்னார்ப் பக்கம் வண்டி போகும்போது இரவா பகலா? தலைமன்னாரில் எத்தனை நாள் இருந்தீர்கள்? ராமானுஜம் கப்பலில் யாருக்கெல்லாம் வாந்தி? மண்டபம் முகாமில் எத்தனாவது வரிசை, தண்ணீர் எங்கே? இந்தக் கேள்விகளில் எங்கோ ஒரு இடத்தில் அந்தப் பிள்ளை இருக்கிறது. அட்டை எழுதியபோது இருந்து, பெயர் அடிக்கப்பட்டபோது இல்லாமல் போயிருக்கிறது. நடுவில் நடந்தது சாவாகவும் இருக்கலாம், அங்கேயே ஒரு உறவிடம் விட்டுவிட்டு வந்ததாகவும் இருக்கலாம். நீங்களாக ஒன்றை முடிவு செய்துகொண்டு போகாதீர்கள். அவர் அந்த இடத்துக்கு வந்து நின்றால் நீங்களும் நில்லுங்கள். அடுத்த கேள்வியைப் போடாதீர்கள். பதிவுக் கருவி ஓடட்டுமா, நிறுத்தட்டுமா என்று மட்டும் மெதுவாகக் கேளுங்கள். நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிட்டுக் கேளுங்கள். அது புத்தகத்துக்கு அல்ல, உங்களுக்கு.

அவர் அந்த இடத்தைத் தாண்டிப் போனால் விடுங்கள். இரண்டாம் முறையும் தாண்டினால் அதுவே பதில். உங்களுக்குத் தெரிந்துகொள்ள உரிமை இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் அவர் உயிரோடு இருக்கும்வரை அவர் உரிமை பெரியது என்பது என் உறுதியான கருத்து. இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை, பணம் கொடுத்துப் புத்தகம் எழுதச் சொல்பவர்களுக்கும் கூட.

பெரியப்பாவை எதிரியாக்கிவிடாதீர்கள். உங்கள் அப்பாவுக்கு மூத்தவர் என்றால் 1973-இல் அவர் விவரம் தெரிந்த பையன். தம்பியோ தங்கையோ இல்லாமல் போனதைக் கண்ணால் பார்த்தவராக இருக்கக்கூடும். எழுந்து போனது உங்கள்மேல் கோபத்தால் அல்ல என்றுதான் எனக்குப் படுகிறது. அவரிடம் போய், "பெரியப்பா, அந்தப் பேரைப் பத்திக் கேக்க வரல. நீங்க படிச்ச தோட்டத்துப் பள்ளிக்கூடத்தப் பத்திச் சொல்லுங்க" என்று தொடங்குங்கள். அவர் கதையும் இந்தக் கதைதான், அதை யாரும் இதுவரை கேட்டிருக்க மாட்டார்கள். அவருக்கென்று ஒரு அத்தியாயம் இருக்கட்டும். எழுதியதில் அவரைப் பற்றி வரும் பக்கங்களை அச்சுக்கு முன் அவரிடம் காட்டுங்கள்.

எழுத உட்காரும்போது ஒப்பந்தத்தின் வரலாற்றிலிருந்து தொடங்காதீர்கள். ஆசிரியர்களுக்கு இந்த ஆசை அதிகம், மன்னியுங்கள், நானும் முன்பு ஆசிரியராக இருந்தவன்தான். முதல் பக்கத்திலேயே பெரட்டுக் களத்தில் பனியில் அப்பாயி நிற்கட்டும். 1948-ம் 1964-ம் அவர் வாழ்வைத் தொடும் இடத்தில் இரண்டு வரியில் வந்து போகட்டும். அவருக்குத் தெரியாத நியாயங்களை அவர் வாயில் வைக்காதீர்கள். 'அப்பாயி மனம் கலங்கினார்' என்று எழுதும் முன், கலங்கியதாக அவர் சொன்னாரா என்று பதிவைத் திரும்பக் கேளுங்கள். சொல்லவில்லை என்றால் அவர் செய்ததை எழுதுங்கள்: கூடையைப் பக்கத்துக் காம்பராக்காரிக்குக் கொடுத்தார், அடுப்புக் கல்லைத் தொட்டுக் கும்பிட்டார், எதுவோ அது. நாற்பது பக்கம் வந்தால் போதும். எழுதியதை ஒவ்வொரு வாரமும் அவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். "அப்படி இல்லடி" என்று அவர் சொல்லும் ஒவ்வொரு இடமும் புத்தகத்தை நல்லதாக்கும்.

அப்படிப் படித்துக்கொண்டு வரும்போது பிள்ளைகளின் பெயர் வரும் பக்கம் ஒன்று வரும். அங்கே மூன்று பெயரையும் எழுதி, கீழே ஒரு வரி இடம் விட்டு, அவரிடம் நேராகவே கேளுங்கள்: "அப்பாயி, இந்தப் பக்கத்துல இன்னும் ஏதாவது எழுதணுமா?" எழுதச் சொன்னால் அவர் சொல்லும் சொற்களிலேயே எழுதுங்கள், ஒரு சொல் கூட்டாமல். வேண்டாம் என்றால் அந்த வரி காலியாகவே அச்சாகட்டும். குடும்ப அட்டையின் படத்தை அவர் சம்மதம் இல்லாமல் புத்தகத்தில் சேர்க்காதீர்கள். அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு கேள்வியோடு போங்கள். உங்கள் போனை வைத்துவிட்டு, அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, லயத்துக் காம்பராவில் அடுப்பு எந்த மூலையில் இருந்தது என்று கேளுங்கள். பதில் வந்ததும், அந்த அடுப்புக்கு விறகு யார் கொண்டு வருவார்கள் என்று கேளுங்கள்.